மாட்டியவரே கழற்ற வேண்டும்

போன மாதம் ஒரு காலை. முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியின் கேத் லேபிலிருந்து ஒரு பெண் பேசினாள். கேத் லேப் என்றால், நெஞ்சைத் திறக்காமல், தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் ஏற்றி வைத்தியம் செய்கிற அறை.

"ஐயா, லேபைப் புதுசா கட்டறாங்க. பழைய கதவைக் கழட்டணும். ஆனா கதவுல ஒரு சிவப்பு போர்டு ஸ்குரூ போட்டு மாட்டியிருக்கு. 'மாட்டியவரே கழற்ற வேண்டும்'னு எழுதியிருக்கு. நர்ஸம்மாங்க எல்லாம் தொடாதீங்க, வேலாயுதம் ஐயாவைக் கேளுங்கங்கறாங்க. ஆசாரி வேற உளியோட நிக்கறாரு. யாருய்யா இதை மாட்டுனது?"

"ஆசாரிக்கு ஒரு டீ வாங்கிக் குடும்மா. மாட்டுனவர் வருவார்" என்றேன்.

அவள் விடவில்லை. இப்போது அங்கே ஒழுகுகிற இதய வால்வுக்குக் குழாய் வழியாகவே கிளிப் போடுகிறார்களாம். கொடியில் துணிக்கு மாட்டுகிற மாதிரிதான். உங்கள் காலத்தில் அதெல்லாம் இல்லையே, என்ன செய்தீர்கள், எழுதிக் கொடுங்கள், ஆஸ்பத்திரி மலரில் போடலாம் என்றாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கை எழுதுகிறது, முருகன் பார்த்துக்கொள்வான்.

என் ஊர் பொன்னேரி. முதலில் ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி மூட்டை தூக்கினேன். பிறகு டிராலி தள்ளினேன். ஒருநாள் லேப் அட்டெண்டர் லீவு போட, என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அப்படியே முடி கொட்டி ரிட்டையர் ஆகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். கற்றுக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. திட்டு வாங்கி வாங்கித்தான் வேலை வந்தது.

நோயாளியைத் தயார் செய்வது என் வேலை. தொடையிடுக்கில் சவரம் செய்ய வேண்டும். மோதிரம், மெட்டி, தாயத்து எல்லாம் வாங்கி வைக்க வேண்டும். இதில் பெரிய சண்டை அரைஞாண் கயிற்றுக்குத்தான். ஆபரேஷனுக்குப் பயப்படாத ஆம்பிளைகூடக் கயிற்றை அறுக்கிறேன் என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். நான் அறுக்க மாட்டேன். மெல்ல மேலே ஏற்றி, விலாவுக்குக் கொண்டுபோய், பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவேன். தாயத்துகளை டிராலிக் கைப்பிடியில் கட்டிவிடுவேன். தர்கா கயிறும் திருப்பதிக் கயிறும் மாதா டாலரும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டு வரும். அவர்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு அம்மா. நாங்கள் மேடம் என்போம். கட்டை குட்டையான உருவம். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈயக் கவச உடுப்பு மாட்டினால் அகலமும் உயரமும் ஒன்றாகிவிடும். அந்த அம்மாவுடைய குணம் ஒன்றை லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். மேடம் திட்டினால் சந்தோஷப்படு. மரியாதையாகப் பேசினால் சாமியைக் கும்பிடு.

நிஜம்தான். கேஸ் நன்றாகப் போகிறது என்றால், "யோவ் வேலு, விளக்கை எங்க காட்டற, என் மூக்கிலயா ஆபரேஷன்?" என்று ஆரம்பித்து எல்லோருக்கும் விழும். உள்ளே ஏதாவது சிக்கல் என்றால் குரல் தேன் மாதிரி ஆகிவிடும். ஒருமுறை, "வேலாயுதம், சிரமம் இல்லைன்னா அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியுங்களா?" என்றார்கள். விளக்கைத் திருப்பிக்கொண்டே சாமியைக் கும்பிட்டேன். அந்த நோயாளி பிழைத்தார். நான்தான் சாயங்காலம் வரை யாராவது 'வாங்க' என்றாலே திடுக்கிட்டேன்.

இப்போது அந்தோணி கதைக்கு வருகிறேன்.

அந்தோணி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஃபேக்டரியில் பைப் ஃபிட்டர். பாய்லரிலிருந்து போகிற நீராவிக் குழாய்கள் அவன் பொறுப்பு. நாற்பதை நெருங்கும் வயது. சுருள் சுருளாக அப்படி ஒரு முடி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டு, சில வருஷம் முன்னால் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்திருந்தார்கள். அந்த வால்வுக்கு இரண்டு குட்டிக் கதவுகள். அது மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அமைதியான அறையில் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும்.

"எங்கூட்ல கடியாரம் வாங்கற செலவு மிச்சம்ணா" என்பாள் அவன் மனைவி ஸ்டெல்லா. "சண்ட போட்டா மட்டும் வேகமா ஓடும்."

வால்வில் கோளாறில்லை. அதைச் சுற்றித் தைத்த தையலில் ஒரு ஓரம் விட்டுப்போய், அந்த இடுக்கில் ரத்தம் பின்னால் ஒழுக ஆரம்பித்திருந்தது. ஏணியில் ஏறுகிற மனுஷன் வீட்டு வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கினான். ஃபேக்டரியில் அவனை ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். இதயம் வீங்கியிருந்தது. மறுபடி நெஞ்சைத் திறந்தால் தாங்காது என்று அறுவை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மேடம்தான், குழாய் வழியாகப் போய் அந்த இடுக்கில் ஒரு அடைப்பான் வைத்துப் பார்க்கலாம், அதை விட்டால் வேறு வழியில்லை என்றார்கள். எங்கள் லேபில் அது புது வேலை.

அதற்கு முந்தின நாள் நான் அந்தோணிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் திரும்பும்போது கேட்டான்.

"அண்ணா, மெயின் லைன எப்ப ஆஃப் பண்ணுவாங்க?"

"எந்த லைனு?"

"ரத்தம் போற லைனுதாண்ணா. போன தபா மெஷினுக்கு மாத்திட்டு, ஆர்ட்ட நிறுத்திட்டுதானே வேல பாத்தாங்க?"

"இதுல நிறுத்தறதெல்லாம் கிடையாது அந்தோணி. அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும். ஓடறப்பவே அடைச்சுடுவாங்க" என்றேன் பெருமையாக.

அவன் முகம் மாறிவிட்டது. "ஓடற லைன்லயா?" என்று மட்டும் கேட்டான். நான் பிளேடு மாற்றக் கையலம்பிவிட்டு வருகிறேன், கட்டில் காலி. தலையணைமேல் ஆஸ்பத்திரி கவுன் மடித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த தொடையோடு ஆள் மின்சார ரயில் ஏறிப் போய்விட்டான்.

மேடத்திடம் சொன்னேன். "யோவ், நீ சவரம் பண்ணியா, இல்ல பேய்க்கதை சொன்னியா? நாளைக்குக் காலையில அந்த ஆளு டேபிள்ல இல்லைன்னா உன்னைப் படுக்க வெச்சு அடைப்பேன்!" என்றார்கள். திட்டு விழுந்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது. நேரே ரயில் பிடித்தேன். பொன்னேரியில் இறங்காமல், என் வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் ஸ்டெல்லா விளக்குமாற்றைக் கீழே போடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அந்தோணி மூலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி தலை வாரிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணா, நீங்களே கேளுங்க இந்த ஆள! அத்தினி பேரு கால்ல விழுந்து தேதி வாங்கிருக்கேன், ஓடியாந்துட்டு தல வாரிகினு கீறாரு!"

"அண்ணா, நா பயந்து ஓடியாரல" என்றான் அந்தோணி. "ரூலு அது. ஓடற லைன்ல கை வைக்கக்கூடாது. லைன மூடணும். மூடுன வால்வுல வேல பாக்கறவன் தன் டேக்க மாட்டணும். வேல முடிஞ்சு அவனே வந்துதான் அத்த கழட்டணும். எங்க மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. எங்க ஃபேக்டரில ஒருத்தன் உள்ள வேல பாக்கறது தெரியாம இன்னொருத்தன் ஸ்டீம தொறந்துட்டான்ணா. நாந்தான் அவன தூக்கியாந்தேன். பாத்த கண்ணு இது."

சொல்லி நிறுத்தினான். அந்த அமைதியில் அவன் நெஞ்சுக்குள் டிக், டிக் என்று கேட்டது.

ஸ்டெல்லாதான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். "யோவ். மெஷினுக்கு மாத்தி நிறுத்தினா இந்த தபா நீ தாங்க மாட்டன்னுதான் டாக்டருங்க சொல்லிட்டாங்க. மெயின மூடிட்டா நீ எங்கய்யா இருப்ப? அந்த லைனுதான்யா நீயி."

அவன் சீப்பைப் பையில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "சரி, லைன மூட வேணாம். டேக்காவது மாட்ட வுடுவாங்களா டாக்டரம்மா?" என்றான்.

"தாராளமா!" என்றேன். மேடத்தைக் கேட்காமல் சொன்ன வார்த்தை. சொல்லிவிட்டு வழியெல்லாம் முருகா முருகா என்று வந்தேன்.

மறுநாள் காலை டிராலியில் படுத்துக்கொண்டு அந்தோணி வருகிறான். கையில் ஃபேக்டரி டேக். சிவப்புத் தகடு, மேலே கம்பி வளையம், 'ஆள் வேலை செய்கிறார். மாட்டியவரே கழற்ற வேண்டும்' என்று வெள்ளை எழுத்து. எண்ணெய்ப் பிசுக்கு வேறு. மேடம் அதைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"இது என்னய்யா, ஆஸ்பத்திரியா, இரும்புப் பட்டறையா? எவ்வளவு அழுக்கோட வந்திருக்கு பார்! கிருமி எல்லாம் குடும்பத்தோட குடியிருக்கும்!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினார்கள். எனக்கு உயிர் வந்தது. கடைசியில், "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு மாட்டச் சொல்லு. லேபுக்கு வெளிப்பக்கம். உள்ள வரக்கூடாது" என்றார்கள்.

துடைத்தேன். அந்தோணி டிராலியில் எழுந்து உட்கார்ந்து, லேப் கதவுக் கைப்பிடியில் தன் கையாலேயே டேக்கை மாட்டினான். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டான்.

இந்த வேலையில் நோயாளிக்கு மயக்கம் கிடையாது. தொடையிடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. பழுப்பு மருந்தால் கழுவி, பச்சைத் துணி போர்த்தி, மேடம் குழாயை ஏற்றினார்கள். திரையில் அவன் வால்வு தெரிந்தது. வளையத்துக்குள் இரண்டு கோடுகள் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மருந்துச் சாயம் செலுத்தியதும் வளையத்தின் ஓரமாகக் கறுப்புப் புகை மாதிரி பின்னால் பீறிட்டது. அதுதான் ஒழுக்கு.

"எவ்ளோ பெரிய லீக்கு!" என்றான் அந்தோணி, தன் நெஞ்சைத் திரையில் பார்த்து. "கேஸ்கெட்டு போட்டு அடைச்சாதான் நிக்கும்."

"வாயை மூடிக்கிட்டுப் படுய்யா!" என்றார்கள் மேடம்.

அந்த இடுக்குக்குள் கம்பியை நுழைப்பதற்கே வெகுநேரம் ஆனது. கம்பி நுழையும், எதிரே பாய்கிற ரத்தம் வெளியே தள்ளிவிடும். மேடம் ஒவ்வொரு தரமும் யாரையாவது திட்டிவிட்டு மறுபடி நுழைப்பார்கள். கடைசியில் நுழைந்தது. கம்பிமேல் குழாய், குழாய்க்குள் அடைப்பான். மெல்லிய உலோக இழையில் பின்னிய பொத்தான் அது. குழாய்க்குள் சுருங்கி இருக்கும். வெளியே தள்ளினால் இடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டமும் இந்தப் பக்கம் ஒரு வட்டமுமாக விரிந்து கவ்விக்கொள்ளும். ஒரு நீளக் கம்பியின் நுனியில் திருகி வைத்திருப்பார்கள். எல்லாம் சரி என்றால்தான் திருகைக் கழற்றி விடுவார்கள்.

முதல் வட்டம் விரிந்தது. இரண்டாவது வட்டமும் விரிந்தது. அறை அமைதியாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அமைதி கொஞ்சம் அதிகமாக இருந்தது. டிக் சத்தத்தைக் காணோம்.

திரையில் ஒரு கோடு அசையவில்லை. மற்றது சத்தம் வராத அளவுக்கு லேசாகத்தான் ஆடியது. அடைப்பானின் விளிம்பு வால்வின் ஒரு கதவை முட்டி நிறுத்திவிட்டது. ரத்த அழுத்த எண் சரிய ஆரம்பித்தது.

"எல்லாருக்கும் ஒரு நிமிஷம்" என்றார்கள் மேடம், தாலாட்டுப் பாடுகிற குரலில். "சிஸ்டர், அந்த ஊசியைத் தயாரா வெச்சிருக்கீங்களா? ரொம்ப நன்றிங்க. வேலாயுதம், தயவு செஞ்சு அவர் தலைப்பக்கம் போய்க் கொஞ்சம் பேசிக்கிட்டு இருக்கீங்களா?"

ஐயோ முருகா. இருபது வருஷத்தில் அவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. சிறுவாபுரி முருகா, இந்த ஆளைக் காப்பாத்து, இவன் தலைமுடி உனக்கு என்று வேண்டிக்கொண்டேன். வாயில் வந்ததை வேண்டியாயிற்று.

அந்தோணியின் முகம் வெளுத்து வேர்த்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்தேன்.

"அண்ணா... டேக் கீதான்னு பாரு."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "கீது அந்தோணி. யாரும் தொடல. நீதான் வந்து கழட்டணும்" என்றேன்.

மேடம் அவசரமே படவில்லை. அடைப்பானை இம்மி இம்மியாகக் குழாய்க்குள்ளேயே திரும்ப இழுத்தார்கள். ஒரு வட்டம் சுருங்கியது. இன்னொன்றும் சுருங்கியது. டிக். பிறகு டிக், டிக், டிக். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"யோவ் வேலு! கிளவுஸ் போட்ட கையால மூஞ்சைத் தொடறியே, அறிவிருக்கா?"

அந்தத் திட்டு என் காதில் நாதஸ்வரம் மாதிரி விழுந்தது.

அப்புறம் கொஞ்சம் சின்ன அடைப்பானை எடுத்து, வேறு பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். இரண்டு கோடும் ஆடின. சாயம் செலுத்தினால் புகைக்குப் பதில் நூல் மாதிரி ஒரு கசிவுதான். திருகைக் கழற்றும் முன் மேடம் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள். நகரவில்லை. அந்தோணிக்கு நிறம் திரும்பியிருந்தது. கூடவே வாயும் திரும்பிவிட்டது.

"மேடம், வுடறதுக்கு மின்னாடி ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துடுங்க."

"இழுத்தாச்சுய்யா! உன் ஃபேக்டரியில என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கறியா?"

வேலை முடிந்தது. குழாயை உருவி, தொடையிடுக்கை அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, மணல் மூட்டை வைத்தோம். இனி பல மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் புதுச் சிக்கல். வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார். டேக் கதவிலேயே தொங்குகிறது. ஆஸ்பத்திரி மேனேஜர் வந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றார்கள் மேடம். "மாட்டினவர்தான் கழட்டணும்."

"மேடம், அவர் எழுந்திருக்கவே முடியாதே!"

"வேலு எதுக்கு இருக்கான்?"

டிராலியைத் தள்ளிக்கொண்டு கதவோரம் போனேன். அதன் உயரத்தை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அந்தோணி கால் அசையாமல், தலை தூக்காமல், மல்லாந்தபடியே கையை மட்டும் நீட்டி வளையத்தைத் தேடினான். மேனேஜர், சிஸ்டர், அடுத்த நோயாளி, அவர் சொந்தக்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். விரல் வளையத்தில் பட்டது. கழற்றினான். யாரோ கை தட்டினார்கள். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வார்டில் அவர்களிடம் என் வேண்டுதலைச் சொன்னேன். "எனக்குத் தலையில ஒண்ணும் இல்ல. அதான் உன் முடிய முருகனுக்குச் சொல்லிட்டேன். நீ மாதா கோயில் ஆளுன்னு அப்ப ஞாபகம் வர்ல. மன்னிச்சுக்கோ."

அந்தோணி தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஸ்டெல்லா வாயைப் பொத்தினாள். "ஐயையோ அண்ணா! நா வெளிய ஒக்காந்துகினு அதே முடியத்தான் வேளாங்கண்ணி மாதாவுக்குச் சொல்லிகீறேன்!"

முடி ஒன்று, வேண்டுதல் இரண்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெல்லாவே தீர்ப்புச் சொன்னாள். "சிறுவாபுரி கிட்டக்க கீது. மொதல்ல அங்க குடுத்துடலாம். அப்புறம் வளந்ததும் வேளாங்கண்ணி. முடி வளர்ற வரிக்கும் இந்த ஆளு உசுரோட இருந்துதானே ஆவணும்? முருகனும் மாதாவும் பேசி வெச்சுக்கட்டும்."

அப்படியே நடந்தது. இரண்டாவது மொட்டையோடு செக்கப்புக்கு வந்தபோது, ஃபேக்டரி பெயின்ட் ஷாப்பில் அடித்த புதுச் சிவப்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தான். டேக்கில் இருந்த அதே வெள்ளை எழுத்து, 'மாட்டியவரே கழற்ற வேண்டும்'. ஏணியில் ஏறும் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்றான். பலகையை அவனே லேப் கதவில் நாலு ஸ்குரூ போட்டு முடுக்கினான். மேடம், "மரத்தூள் எல்லாம் கீழ கொட்டுது, யார் பெருக்கறது?" என்று திட்டினார்கள்.

போன மாதம் ஆசாரிக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன் அல்லவா? அடுத்த போன் கும்மிடிப்பூண்டிக்குப் போட்டேன். அந்தோணியும் இப்போது வேலையிலிருந்து ஓய்வு. பேரன் எடுத்தாகிவிட்டது. நான் பொன்னேரியில் நின்று, அவன் வந்த அதே ரயிலில் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர். "பரவால்லண்ணா, நட" என்று எனக்கு முன்னால் படியேறினான். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

சட்டைப் பையில் சீப்புக்குப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்தான். கதவருகே நின்று, நரைத்த சுருள் முடியை ஒரு வாரு வாரிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றினான். ஆசாரி, போன் செய்த பெண், நர்ஸ்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். யாரும் பேசவில்லை.

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஐயா, இங்க எங்கயோ கடிகாரம் ஓடற சத்தம் கேக்குதே?" என்றாள்.

அந்தோணி கடைசி ஸ்குரூவைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்தான்.